வீட்டிலேயே மிக்ஸட் மீடியா ஸ்டில் லைஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை மேல் நாலு பொருளை வைத்துப் பார்த்து வரைவதுதான் ஸ்டில் லைஃப். அதைப் பென்சில், நீர்வண்ணம், கரி, பேஸ்டல் (வண்ணக் குச்சி) என்று கலந்து வரைய ஆரம்பிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே இருக்கின்றன. பென்சில் பிடித்துப் பழக்கம் உண்டு, ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கும்போது படம் கெட்டுப்போகிறது என்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "எது முதலில், எது பிறகு" என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மிக்ஸட் மீடியா என்று எதைச் சொல்கிறோம்?

ஒரே படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வரைபொருட்களைப் பயன்படுத்தினால் அது மிக்ஸட் மீடியா. பென்சில் கோட்டின் மேல் நீர்வண்ணம் பூசினாலே கணக்கில் சேர்ந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் செசான் தன் கடைசி ஆண்டுகளில் வரைந்த ஸ்டில் லைஃப்கள் பலவும் பென்சிலும் நீர்வண்ணமும் சேர்ந்தவைதான். அவற்றில் பென்சில் கோடு வண்ணத்துக்கு அடியில் ஒளிந்துகொள்வதில்லை. வண்ணம் காய்ந்த பிறகு அதன் மேலேயும் மறுபடி கோடு போட்டிருப்பார்.

1912-ல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட ஆயில்கிளாத் (மெழுகுத்துணி) துண்டு ஒன்றைத் தன் ஸ்டில் லைஃபில் ஒட்டி, படத்தைச் சுற்றிக் கயிறும் கட்டினார். அதே ஆண்டு அவருடைய ஓவிய நண்பர் பிராக், மரப்பலகை போல அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டி, அதன் மேல் கரியால் பழத்தட்டும் கண்ணாடிக் கோப்பையும் வரைந்தார். இந்த விளையாட்டெல்லாம் ஸ்டில் லைஃபில் நடந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். மாடல் எழுந்து போய்விடுவாரே, மேகம் கலைந்துவிடுமே என்ற அவசரம் இதில் கிடையாது. பாட்டில் வைத்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் நிதானமாகப் பொருட்களைக் கலந்து பார்க்கலாம்.

கையில் இருப்பதை எல்லாம் ஒரே படத்தில் போடலாமா?

போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் முதல் சில படங்களுக்கு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மூன்றுக்கும் தனித்தனி வேலை கொடுங்கள்: ஒன்று கோடு போட, ஒன்று பரப்பை நிரப்ப, ஒன்று கடைசியில் அழுத்தம் கொடுக்க. பேனாவோ பென்சிலோ கோட்டைப் பார்த்துக்கொள்ளும். நீர்வண்ணமோ அக்ரிலிக் பெயின்டோ பரப்பைக் கவனிக்கும். கரியோ பேஸ்டலோ இருட்டையும் சொரசொரப்பையும் கொண்டுவரும்.

இரண்டு பொருட்களுக்கு ஒரே வேலையைக் கொடுக்கும்போதுதான் தகராறு. ஒரே ஆப்பிளைக் கலர் பென்சிலாலும் ஆயில் பேஸ்டலாலும் நிரப்பினால் இரண்டில் ஒன்று காணாமல் போகும், அந்த இடமும் கனத்துப் பிசுபிசுக்கும். மிக்ஸட் மீடியாவில் சறுக்குபவர்கள் பெரும்பாலும் இந்த வேலைப் பங்கீட்டில்தான் சறுக்குகிறார்கள்; அவர்கள் வரைவதில் பெரிய குறை இருக்காது. ஆகவே புதிதாக ஒன்றைக் கையில் எடுக்கும் முன், "இது இந்தப் படத்தில் என்ன செய்யப்போகிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஆரம்பிக்க என்னென்ன வேண்டும்?

2பி, 6பி பென்சில் ஒவ்வொன்று (எண் கூடக் கூட முனை மென்மை, கோடு கறுப்பு). தண்ணீரில் கரையாத மை உள்ள கறுப்புப் பேனா ஒன்று. பன்னிரண்டு நிற நீர்வண்ணப் பெட்டி. நடுத்தர வட்ட பிரஷ் ஒன்று, அகலமான தட்டை பிரஷ் ஒன்று. ஆயில் பேஸ்டல் அல்லது கரி. இரண்டும் முதல் நாளே வேண்டாம். அப்புறம் பிசைந்து பயன்படுத்தும் ரப்பர், மாஸ்கிங் டேப், பழைய துணி, தண்ணீருக்கு இரண்டு டப்பா. இரண்டு எதற்கு என்றால், ஒன்றில் பிரஷ் கழுவ, இன்னொன்றில் சுத்தமான தண்ணீர் தொட.

பேனாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நீங்கள் வரையப்போகும் அதே காகிதத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஈர பிரஷால் தடவுங்கள். மை பரவினால் அந்தப் பேனாவை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஷெல்லாக் என்ற அரக்கு கலந்த இந்தியன் இங்க் நன்றாகக் கறுக்கும், தண்ணீருக்கும் அசையாது. ஆனால் அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளேயே இறுகிப் பேனா வீணாகிவிடும். தொட்டு வரையும் நிப்புக்கோ பழைய பிரஷுக்கோதான் அது.

கரியிலும் இரண்டு வகை உண்டு. மெல்லிய கிளைகளைச் சுட்டுச் செய்யும் குச்சிக் கரி துணியால் தட்டினாலே போய்விடும். முதல் அமைப்பைப் போட அதுதான் வசதி. பொடியைப் பசை சேர்த்து அழுத்திச் செய்யும் கரி நல்ல கறுப்பு, ஆனால் லேசில் அழியாது. கடைசிக் கட்டத்தில் ஆழமான நிழலுக்கு அதை எடுங்கள்.

பிரிண்டருக்குப் போடும் ஏ4 தாள் போதாதா?

யோசனைகளைக் கிறுக்கிப் பார்க்கப் போதும். அது பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரைதான் இருக்கும். ஈரம் பட்டதும் நெளியும், இரண்டாவது முறை பிரஷ் ஓட்டினால் நார் கிளம்பும். தண்ணீர் பயன்படுத்துவதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணக் காகிதம் நிம்மதி. மிக்ஸட் மீடியா காகிதம் என்றே விற்கும் நோட்டுகளில் 200-க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கனத்தைப் போலவே மேற்பரப்பும் முக்கியம். வழவழப்பான காகிதத்தில் பேனா சுகமாக ஓடும். ஆனால் பேஸ்டலும் கரியும் பிடிப்பு இல்லாமல் உதிரும். கரடுமுரடான காகிதத்தில் நேர்மாறு. நடுத்தரச் சொரசொரப்பு உள்ள கோல்ட் பிரஸ் வகை இரண்டுக்கும் ஒத்துவரும்.

காகிதம் வேண்டாம், வீட்டில் அட்டைதான் இருக்கிறது என்றால் கெஸ்ஸோ பூசிக்கொள்ளலாம். சுண்ணப்பொடியும் வெள்ளை நிறமியும் அக்ரிலிக் பசையில் கலந்த அடிப்பூச்சு அது. முதல் பூச்சை இடவலமாகவும், காய்ந்த பிறகு இரண்டாவதை மேல்கீழாகவும் பூசுங்கள். அட்டையின் பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் வளையாது. அக்ரிலிக், கரி, பேஸ்டல் எல்லாம் அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். நீர்வண்ணம் மட்டும் சரிப்படாது: உள்ளே ஊறாமல் மேலேயே நிற்கும், அடுத்த முறை ஈரம் பட்டதும் கழன்று வரும்.

என்ன பொருட்களை வைப்பது?

மூன்று போதும். உயரத்தில் ஒன்று, உருண்டையில் ஒன்று, மென்மையில் ஒன்று. உதாரணமாக ஒரு பாட்டில், ஒரு வெங்காயம், ஒரு துணி. மிக்ஸட் மீடியாவுக்குப் பொருள் தேடும்போது அழகை விட மேற்பரப்பைப் பாருங்கள். ஒன்று பளபளக்கட்டும், ஒன்று மங்கலாக இருக்கட்டும், ஒன்று கசங்கியோ சொரசொரப்பாகவோ இருக்கட்டும். எல்லாமே வழவழப்பான பீங்கானாக இருந்தால் எந்த வரைபொருளை எங்கே போடுவது என்பதற்குக் காரணமே கிடைக்காது. துருப்பிடித்த பூட்டு, கயிறு, தேய்ந்த பிரஷ், சுருங்கிய எலுமிச்சை, பழைய செருப்பு எல்லாம் தங்கமான விஷயங்கள். பூங்கொத்தை முதலில் தொட வேண்டாம். அது பார்க்கத்தான் எளிது.

வைக்கும்போது ஒன்றை ஒன்று கொஞ்சம் மறைக்கட்டும். மூன்றும் தனித்தனியே வரிசை கட்டி நின்றால் கடை ஜன்னல் போல இருக்கும். இரண்டு பொருட்களின் ஓரங்கள் உரசியும் உரசாமலும் நிற்பது இன்னும் மோசம். ஒன்று நன்றாக மறையட்டும், இல்லையென்றால் நன்றாக விலகட்டும். பொருட்களுக்கு இடையில் உள்ள காலி இடத்தின் வடிவத்தையும் பாருங்கள். ஓர் அட்டையில் செவ்வகமாக ஓட்டை வெட்டி, அதன் வழியே ஒரு கண்ணால் பார்த்தால் எது சட்டகத்துக்குள் வர வேண்டும் என்பது சீக்கிரம் பிடிபடும்.

வெளிச்சத்தை எப்படி அமைப்பது?

ஒரே திசையிலிருந்து ஒரே விளக்கு. மேசை விளக்கைப் பக்கவாட்டில், பொருட்களை விடக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு விளக்கு எரிந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் விழும், எதை வரைவது என்று தெரியாது. ஜன்னல் வெளிச்சம் அழகுதான், ஆனால் வெயில் நகரும். அப்படி வரைவதாக இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டு, அதன் பிறகு நிழல் எங்கே போனாலும் கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் காகிதத்துக்கு வேண்டிய வெளிச்சம் பொருட்கள் மேல் போய் விழாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கோப்பையின் வாய் கோணலாகவே வருகிறது, என்ன செய்வது?

சாய்வாகப் பார்க்கும் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதன் இரண்டு முனைகளையும் கூராக்குவதுதான் பொதுவான தவறு. எவ்வளவு தட்டையான நீள்வட்டமானாலும் முனை வளைவாகத்தான் திரும்பும். கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக நீள்வட்டம் அகலமாகத் திறக்கும்; ஆகவே மேலிருந்து பார்க்கும் கோப்பையில் வாயை விட அடிப்பகுதியின் வளைவு அதிகமாக இருக்க வேண்டும். வாயை வளைத்துவிட்டு அடியை நேர்க்கோடாகப் போடுபவர்கள் ஏராளம். மேசை தட்டை என்று மனம் சொல்வதால் கை அப்படிப் போகிறது.

நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். கோணல் அப்போது பளிச்சென்று தெரியும். அளவுகளுக்கு, கையை முழுவதும் நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வெங்காயத்தின் உயரம் பாட்டிலில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். முழங்கையை மடக்கினால் கணக்கு மாறிவிடும்.

எது முதலில், எது பிறகு?

இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தண்ணீர் சார்ந்தவை முதலில். எண்ணெயும் மெழுகும் பிறகு. ஈரமானவை முதலில், பொடியானவை பிறகு.

காரணம் எளிது. ஆயில் பேஸ்டலில் இருப்பது நிறமியும் எண்ணெயும் மெழுகும். அதன் மேல் தண்ணீர் நிற்காது, முத்து முத்தாக ஒதுங்கும். அக்ரிலிக்கை அதன் மேல் பூசினால் முதலில் ஒட்டியது போல இருக்கும். காய்ந்து சில நாளில் தோலாக உரிந்து வரலாம். அதையே திருப்பி, காய்ந்த அக்ரிலிக் மேல் ஆயில் பேஸ்டல் போட்டால் அருமையாகப் பிடிக்கும். ஆயில் பேஸ்டல் மேல் பேனாவால் கோடு போடப் பார்த்தால் முனை அடைத்துக்கொள்ளும், பேனாவுக்குத்தான் நஷ்டம். பேனா வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கரி மேல் நீர்வண்ணம் போட்டால் பொடி கரைந்து வண்ணத்தைச் சாம்பலாக்கும். சில நேரம் அதுவே வேண்டும்: கரியால் நிழல் போட்டு வெறும் ஈர பிரஷால் இழுத்தால் அழகான சாம்பல் நிறப் பூச்சு கிடைக்கும். மஞ்சள் எலுமிச்சை மேல் அது நடந்தால் சோகம். எண்ணெய் சேராத, பொடியாக உதிரும் சாஃப்ட் பேஸ்டலும் அப்படித்தான், ஈரம் பட்டால் பெயின்டாக மாறிவிடும். பென்சில் கோடு அந்த அளவு தொல்லை தராது. ஆனால் நீர்வண்ணத்துக்கு அடியில் போன பென்சிலை அழிப்பது கடினம். வேண்டாத கோடுகளை வண்ணத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், எது காய்ந்த பிறகு மறுபடி கரையும், எது கரையாது என்பது. நீர்வண்ணமும், அதன் ஒளி புகாத வகையான குவாஷும் ஈரம் பட்டால் மறுபடி இளகும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் காய்ந்ததுதான். அதனால் பல அடுக்கு போட நினைப்பவர்கள் அடியில் மெல்லிய அக்ரிலிக் பூசிக்கொண்டு, அதன் மேல் கவலையில்லாமல் வேலை செய்யலாம்.

நீர்வண்ணத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள். வெள்ளை என்பது காகிதம்தான், மூடிவிட்டால் திரும்பி வராது என்பதுதான் காரணம். மிக்ஸட் மீடியாவில் கொஞ்சம் சலுகை உண்டு: கடைசியில் வெள்ளைப் பேஸ்டலோ வெள்ளை குவாஷோ கைகொடுக்கும். அந்தத் தைரியத்தில் எல்லா வெள்ளையையும் மூடிவிடாதீர்கள். காகித வெள்ளையின் பளிச்சு வேறு.

ஒரு படத்தை முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது?

பச்சை பாட்டில், வெங்காயம், மடித்துப் போட்ட வெளிர்நிறத் துணி. விளக்கு இடப்பக்கம். 300 ஜிஎஸ்எம் காகிதத்தை நான்கு பக்கமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். 2பி பென்சிலால் மூன்றையும் லேசாக அமைத்து, நிழல்களின் எல்லைகளையும் குறியுங்கள். பாட்டில் கழுத்தில் மின்னும் சின்ன வெளிச்சத்தையும் இப்போதே கோடு போட்டுக் குறித்துவையுங்கள், அந்த இடத்துக்கு வண்ணம் போகக் கூடாது.

அடுத்து பேனா. எல்லாவற்றையும் சுற்றி ஒரே தடிமனில் கோடு போட்டால் குழந்தைகள் வண்ணமடிக்கும் புத்தகம் போல ஆகிவிடும். வெங்காயத்தை மட்டும் பேனாவால் எடுக்கலாம். கிட்டப் போய்ப் பாருங்கள்: தோலின் கோடுகள் தலையில் ஒன்றாக இறுகி, வயிற்றில் அகன்று, வேரை நோக்கி மறுபடி கூடுகின்றன. வெங்காயம் உருண்டை என்று சொல்வது அந்தக் கோடுகள்தான். அவற்றைச் சரியான வளைவில் போட்டுவிட்டால் ஷேடிங்கே பாதி தேவைப்படாது. ஓர் இடத்தில் காய்ந்த தோல் உரிந்து நிற்கும். அதன் ஓரம் ஒழுங்கில்லாமல் கிழிந்திருக்கும், விளக்கு வெளிச்சம் அதில் புகுந்து தேன் நிறமாகத் தெரியும். அந்த ஓரத்துக்கு விட்டு விட்டுப் போகும் கோடு போதும்.

மை காய்ந்ததும் நீர்வண்ணம். முதலில் பின்னணிக்கு வெளிறிய பூச்சு. அது காய்ந்த பிறகு பாட்டிலுக்குப் பச்சை, வெங்காயத்துக்கு மஞ்சள் கலந்த பழுப்பு, துணியின் மடிப்புகளில் மட்டும் நீலம் கலந்த சாம்பல். ஒவ்வொன்றும் காய வேண்டும். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் ஈரமான காகிதம் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ச்சி போகும் வரை காத்திருங்கள். பொறுமை இல்லையென்றால் ஹேர் ட்ரையரைத் தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

கடைசியில் கரியோ ஆயில் பேஸ்டலோ. பொருள் மேசையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய இருட்டு இருக்கும், பெரும்பாலும் நிழலிலேயே ஆழமான இடம் அதுதான். அங்கே அழுத்திப் போடுங்கள். பொருள் மிதப்பது நிற்கும். விழும் நிழல் பொருளிலிருந்து விலக விலக வெளிறும், ஓரமும் மங்கும். துணியில் வெளிச்சம் படும் மடிப்பின் முகட்டில் வெள்ளை பேஸ்டலைப் படுக்க வைத்து லேசாக இழுங்கள். காகிதத்தின் மேடுகளில் மட்டும் வெள்ளை பிடித்து, துணியின் நெசவு தானாகவே வந்துவிடும்.

வெள்ளை மெழுகை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

தண்ணீரைத் தடுக்க. எண்ணெய்க்கு முன் தண்ணீர் என்ற விதியை வேண்டுமென்றே மீறும் முறை இது. மெழுகுவர்த்தியாலோ மெழுகு க்ரேயானாலோ கோடு போட்டுவிட்டு மேலே நீர்வண்ணம் பூசினால், மெழுகு உள்ள இடத்தில் வண்ணம் பிடிக்காது. ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் பதுங்கிக் கிடந்த மக்களை மெழுகு க்ரேயானும் நீர்வண்ணமும் மையும் கலந்து வரைந்தார். அந்தப் படங்களின் கரடுமுரடான வெளிச்சத்தில் மெழுகுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஸ்டில் லைஃபில் துணியின் பூவேலை, பிரம்புக் கூடையின் பின்னல், எலுமிச்சைத் தோலின் புள்ளிகள், சுவரின் பொரிந்த சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரே சிக்கல், வெள்ளைக் காகிதத்தில் மெழுகைப் போடும்போது எங்கே போட்டோம் என்பது தெரியாது. தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் பளபளப்பு தெரிகிறதா என்று பாருங்கள். போட்ட மெழுகை முழுவதும் எடுக்க முடியாது, அதனால் நிதானம் தேவை.

கண்ணாடி, உலோகம் வரையும்போது எங்கே தொடங்குவது?

கண்ணாடியை வரையாதீர்கள்; அதன் வழியே தெரிவதை வரையுங்கள். பின்னால் உள்ள துணியின் கோடு பாட்டிலுக்குள் நுழையும்போது வளைந்தோ உடைந்தோ இடம் மாறியோ தெரியும், தண்ணீர் இருந்தால் இன்னும் அதிகமாக மாறும். அந்த மாற்றத்தைக் காட்டினாலே கண்ணாடி வந்துவிடும். பாட்டிலின் ஓரங்களிலும் அடியிலும் கண்ணாடி தடிமன், அங்கே நிறம் அடர்ந்திருக்கும், நடுவில் வெளிறும்.

உலோகத்தில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே படிப்படியான மாற்றம் குறைவு. கறுப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளை நிற்கும். எவர்சில்வர் கிண்ணத்தை உற்றுப் பார்த்தால் அதில் கிண்ணத்தின் நிறம் என்று ஒன்று இருக்காது: ஜன்னல், மேசை விளிம்பு, உங்கள் சட்டை எல்லாம் நெளிந்து கிடக்கும். அந்த வடிவங்களைக் கத்தரித்து ஒட்டியது போலக் கூரான ஓரங்களோடு போடுங்கள். தேய்த்துத் தேய்த்து மென்மையாக்கினால் மண்பானை ஆகிவிடும்.

வெள்ளைக் கோப்பையை வெள்ளைத் தாளில் எப்படிக் காட்டுவது?

பின்னணியை இருட்டாக்குங்கள், கோப்பை தானாக வெளியே வரும். நிழல் பக்கம் வெறும் சாம்பல் வேண்டாம். பக்கத்தில் உள்ள பொருளின் நிறம் அதில் கொஞ்சம் ஏறியிருக்கும், தேடிப் பாருங்கள். இன்னொரு வழி, நிறமுள்ள காகிதத்தில் வரைவது. சாம்பல் அல்லது பழுப்புக் காகிதத்தில் கரியால் இருட்டையும் வெள்ளைப் பேஸ்டலால் வெளிச்சத்தையும் மட்டும் போட்டால், நடுத்தர நிறத்தைக் காகிதமே பார்த்துக்கொள்ளும்.

செய்தித்தாள், துணி எல்லாம் ஒட்டலாமா?

தாராளமாக. ஆனால் ஒட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கட்டும்: மேசை விரிப்பின் இடத்தில் பூப்போட்ட பரிசுத்தாள், பாட்டிலின் லேபிள் இடத்தில் அச்சிட்ட எழுத்து என்று. கத்தரியால் வெட்டினால் ஓரம் கறாராக இருக்கும். கையால் கிழித்தால் வெள்ளை நார் தெரியும். வெளிச்சம் படும் விளிம்புக்கு அந்த வெள்ளையே உதவும்.

செய்தித்தாளில் மரத்திலிருந்து வரும் லிக்னின் என்ற பொருள் அதிகம், அதனால் சீக்கிரம் மஞ்சளாகிப் பொடியும். நீண்ட நாள் வைக்க நினைத்தால் அதை நல்ல தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள். இன்க்ஜெட் பிரிண்ட் பெரும்பாலும் ஈரப் பசை பட்டால் கசியும். பசையை மெல்லியதாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளி, மேலே பட்டர் பேப்பர் வைத்துக் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். ஒட்டும் வேலை ஆரம்பத்திலேயே முடிய வேண்டும். ஒட்டிய துண்டின் மேலேயே நிழலும் கோடும் ஏறினால்தான் அது படத்தோடு சேரும். கடைசியில் ஒட்டினால் ஸ்டிக்கராகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

நிறமெல்லாம் சேறு போல ஆகிவிட்டது. ஏன்?

மூன்றில் ஒன்றாக இருக்கும்: கீழ் அடுக்கு காயவில்லை, தண்ணீர் அழுக்கு, அல்லது சிவப்பு-பச்சை, நீலம்-ஆரஞ்சு போன்ற எதிர் நிறங்கள் ஈரத்தில் கலந்துவிட்டன. கரிப்பொடி கை வழியாகப் பரவுவதும் உண்டு. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். சேறான இடத்தை மேலும் மேலும் தேய்க்க வேண்டாம். காயவிட்டு, மேலே ஒளி புகாத குவாஷோ ஆயில் பேஸ்டலோ போட்டு மூடலாம். அல்லது அந்த இடத்தை நிழலுக்குள் தள்ளிவிடலாம். சேற்று நிறம் நிழலில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

காகிதம் நெளிந்துவிட்டதே?

படம் முழுக்கக் காய்ந்ததும் குப்புறப் போட்டு, பின்பக்கம் லேசாக ஈரம் தடவி, மேலும் கீழும் சுத்தமான தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் விடுங்கள். முன்பக்கம் கரியோ பேஸ்டலோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள், கீழ்த்தாளில் அச்சாகிவிடும். அதனால் நீர்வண்ணக் கட்டம் முடிந்ததும், பொடி வேலை தொடங்கும் முன் நிமிர்த்திக்கொள்வது நல்லது. மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது படத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள். பிடிவாதம் பிடித்தால் ட்ரையரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள்.

ஒரே நாளில் முடியவில்லை. பழம் வாடிவிடுமே, போட்டோ பார்த்து வரையலாமா?

போட்டோ எடுத்து வையுங்கள், ஆனால் ஞாபகத்துக்கு மட்டும். போன் கேமரா நிழலை வெறும் கறுப்பாக்கிவிடும். கிட்டத்தில் எடுத்தால் முன்னால் இருக்கும் பொருளை ஊதிக் காட்டும். நீங்கள் நேரில் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள்ளே ஒரு பழுப்பும் நீலமும் தெரியும்.

பொருட்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மேசையில் டேப்பாலோ சாக்பீஸாலோ அடையாளம் போடுங்கள். நாற்காலிக் கால்களுக்கும் சேர்த்துப் போடுங்கள், ஏனென்றால் நீங்கள் நகர்ந்தாலும் எல்லாம் மாறும். வெட்டிய பழத்தை முதலில் வரைந்து முடியுங்கள். ஆப்பிள் சீக்கிரமே பழுப்பாகும். வெங்காயம், எலுமிச்சை, பாட்டில் எல்லாம் காத்திருக்கும்.

ஃபிக்ஸட்டிவ் கட்டாயமா? ஹேர் ஸ்பிரே அடித்தால் ஆகாதா?

கரி, சாஃப்ட் பேஸ்டல் இருந்தால் தேவை. பிசினைக் கரைப்பானில் கரைத்த தெளிப்பான் அது. பொடியைக் காகிதத்தோடு பிடித்துவைக்கும். சுமார் 30 செ.மீ. தள்ளி நின்று, படத்துக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, மெல்லிய அடுக்காக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் சொட்டு விழும். அடித்ததும் நிறம் ஓரளவு இருண்டுவிடும், வெள்ளைப் பேஸ்டலுக்கு இது அதிகம். அதனால் கடைசி வெள்ளைத் தீற்றல்களை ஃபிக்ஸட்டிவுக்குப் பிறகு போட்டு அப்படியே விடுபவர்கள் உண்டு; நானும் அந்தக் கட்சிதான்.

ஹேர் ஸ்பிரே காகிதத்துக்காகச் செய்தது இல்லை, நாளடைவில் மஞ்சளாகலாம். பயிற்சிப் படத்துக்குப் பரவாயில்லை. ஆயில் பேஸ்டலுக்குச் சாதாரண ஃபிக்ஸட்டிவ் சரியாகப் பிடிக்காது. அதற்கென்றே தனியாக விற்கிறார்கள். எதுவானாலும் மொட்டை மாடியிலோ திறந்த ஜன்னல் அருகிலோ அடியுங்கள்.

தூசி, வண்ணம் எல்லாம் உடம்புக்குக் கெடுதலா?

தூளை வாயால் ஊதாதீர்கள், அதுதான் முக்கியம். ஊதினால் பறந்து மூக்குக்குள் போகும். பலகையை நிமிர்த்திப் பின்னால் தட்டினால் தானே கீழே விழும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம். காட்மியம் போன்ற நச்சு உலோக நிறமிகள் உள்ள பேஸ்டலைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். பிரஷ் கழுவும் டப்பாவைக் குடிக்கும் தண்ணீர்ப் பக்கம் வைக்காதீர்கள். இது நகைச்சுவை இல்லை, அடிக்கடி நடக்கிறது.

படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மூன்று வேலையாட்களும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்களா என்று பாருங்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருட்டு, நடு, வெளிச்சம் மூன்றும் பிரிந்து தெரிய வேண்டும். தெரிந்தால் கையைக் கட்டிக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் முதல் பார்வையில் உறுத்தும் ஓர் இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள். எங்கேயாவது வெறும் காகிதம் மிச்சம் இருக்கிறதே என்பதற்காக நிரப்ப வேண்டாம்.

முடித்த படத்தை எப்படி வைப்பது?

ஆயில் பேஸ்டல் எத்தனை நாளானாலும் முழுக்கக் காயாது. கரியும் பேஸ்டலும் உரசினால் ஒட்டும். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவில் மவுன்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பேனா, சில மார்க்கர்களின் சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். நிறமி மை நெடுநாள் தாங்கும். எப்படியிருந்தாலும் நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். ஃபிரேம் போடாமல் அடுக்கி வைப்பதாக இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே வழவழப்பான கிளாசின் தாளோ பட்டர் பேப்பரோ வைத்துப் படுக்கையாக வையுங்கள். சுருட்டினால் அக்ரிலிக் விரிசல் விடும், ஒட்டிய துண்டுகள் கிளம்பும். பின்பக்கம் பென்சிலால் தேதியையும் என்னென்ன பொருட்கள் பயன்படுத்தினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த படத்தில் அதே பச்சை வேண்டும் என்று தேடும்போது உதவும்.